கூண்டு வண்டியும் துளி வண்டியும்

சின்னமனூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். மக்கள் மூவரும் வேலை நிமித்தமாக வெளியூர்களில் வசிக்கின்றனர். ஆண்டுதோறும் மனைவியோடு வேளாங்கண்ணிக்குச் சென்றுவரும் வழக்கம் இரண்டாண்டுகளாக நின்றுபோயிற்றாம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மையாரால் தரையில் படுத்தெழ இயலவில்லை. திருவிழா நாட்களில் விடுதி அறைக்குச் சொல்லும் வாடகையோ ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. இந்நிலையில் பேரன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறான். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் மாங்கொட்டை வடிவச் சிறு வண்டி; உள்ளே இருவர் படுக்கலாம்; பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. “நம்மூர்த் தச்சரையும் பட்டறைக்காரரையும் கொண்டு இதைச் செய்துவிடலாமா? எழுபது வயதில் இது விளையாட்டுப் புத்தி என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்” என்று கேட்கிறார்.

விளையாட்டுப் புத்தி என்று நமக்குத் தோன்றவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் சக்கரத்தின் மேல் வீடு புதிதன்று. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்கும், இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டித் திருவிழாக்களுக்கும் குடும்பங்கள் கூண்டு வண்டி பூட்டிச் சென்ற காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூங்கிலை வளைத்துக் கட்டிப் பாய் வேய்ந்த கூண்டு, அடியில் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் சமுக்காளம். பெண்களும் குழந்தைகளும் கூண்டுக்குள் உறங்குவர். ஆண்களுக்கு வண்டியின் நிழலே கூரை. அச்சில் அரிக்கேன் விளக்கு ஆடும். மூன்று கல்லைக் கூட்டினால் அடுப்பு. விடுதியில் இடமில்லை என்று யாரும் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆசிரியர் கேட்கும் வண்டி அமெரிக்காவில் 1930களில் பரவியது. கொடிய பொருளாதார மந்தம் நிலவிய காலம். கார்களின் இழுதிறனும் குறைவு. காற்றைக் கிழித்துச் செல்லத் தோதாக முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, கண்ணீர்த் துளியை ஒத்திருந்ததால் துளி வண்டி என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், இராணுவத்தில் மிஞ்சிய அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் மலிவாகக் கிடைக்கவே, சாமானியர் பலர் வீட்டுக் கொல்லையிலேயே இதனைக் கட்டிக்கொண்டனர். 1947-இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட் என்ற இதழ் இதற்கான வரைபடத்தையே வெளியிட்டது. பின்னர்ப் பெரிய இழுவை வீடுகள் வந்து இதனை ஓரங்கட்டிவிட்டன. அண்மைக் காலத்தில் மீண்டும் தலையெடுத்திருக்கிறது.

இதன் அளவைத் தீர்மானித்தது ஒட்டுப்பலகை என்றால் வியப்பாக இருக்கும். கடையில் விற்கும் பிளைவுட் பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். பக்கச் சுவர் ஒவ்வொன்றையும் ஒரே பலகையிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம். ஆகவே வண்டியும் ஏறத்தாழ 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். படுக்கைக்கு ஆறரை அடி போக, மிச்சமுள்ள ஒன்றரை அடியில் அடுப்பும் பாத்திரமும் தண்ணீரும் அடங்க வேண்டும். உள்ளே நிற்க முடியாது; உட்காரலாம், படுக்கலாம். கட்டி முடித்தால் பெரும்பாலும் 350 முதல் 600 கிலோ வரை இருக்கும்.

ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே உயிர்நாடியான கேள்வி. இதனை நம் வண்டிக்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்திருந்தார்கள். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் நுகம் பிடரியை அழுத்திப் புண்ணாக்கும். மேட்டில் ஏறுகையில் வண்டிக்காரர் மூக்கணைப் பக்கம் நகர்வார். இறக்கத்தில் பின்னுக்குத் தள்ளி உட்காருவார். தம் உடம்பையே தராசுக் கல்லாக வைத்துக்கொண்டவர் அவர்.

துளி வண்டியில் அப்படி நகர்ந்து கொடுக்க ஆளில்லை. புறப்படுமுன் வைத்த பாரம்தான் ஊர்போய்ச் சேரும்வரை. மொத்த எடையில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு காரின் கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. 500 கிலோ வண்டியாயின் 50 முதல் 75 கிலோ. அதற்குக் குறைந்தால் வண்டி வேகத்தில் பாம்புபோல் இடமும் வலமும் நெளியத் தொடங்கும். காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடவும் கூடும். அடுப்படி பின்னால் இருப்பதால் இயல்பிலேயே இது பின்பாரம் மிஞ்சும் வண்டி. எனவே அச்சை நட்டநடுவில் வைக்காமல் சற்றுப் பின்தள்ளிப் பொருத்துவார்கள். தண்ணீர்க் குடத்தையும் எரிவாயு உருளையையும் பின்கோடியில் அடைக்கமாட்டார்கள். சோதித்துப் பார்ப்பதும் எளிது: வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியைக் கொக்கியின் கீழ், ஓடும்போது இருக்கும் அதே உயரத்தில் முட்டுக்கொடுத்து வைத்தால் எடை தெரிந்துவிடும். பாத்திரம், தலையணை, அரிசிப்பை எல்லாம் ஏற்றிய பிறகு பார்க்க வேண்டும். வெறும் வண்டியை நிறுத்துப் பயனில்லை.

அடிச்சட்டம் இரும்பில் அமைய வேண்டும்; பற்றவைப்பில் கைதேர்ந்தவரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். சுவருக்கு விலை மலிந்த பலகை வேண்டாம். ஐ.எஸ். 710 முத்திரையிட்ட மரைன் பிளைவுட் நீரைத் தாங்கும். கூரை வளைவில் தெர்மாகோல் வைத்து, மேலே அலுமினியத் தகடு போர்த்தலாம். இவ்வண்டிக்குப் பெரும்பகை மழைநீர். அது நுழையும் வழி பெரும்பாலும் பின்கதவின் மேற்கீல். ஐப்பசி மழையில் ஒரு வாரம் நிறுத்திவைத்துக் கசிவு பார்த்த பிறகே மெத்தை வாங்குவது புத்திசாலித்தனம். மற்றொன்று காற்று. அவ்வளவு சிறிய அறையில் இருவர் மூச்சுவிட்டால் விடியற்காலையில் சுவரெல்லாம் வேர்த்துவிடும். இருபுறமும் சன்னலும் கூரையில் ஒரு போக்கியும் வேண்டும். உள்ளே அடுப்போ கரிச்சட்டியோ கொளுத்தவே கூடாது. மணமில்லாத நச்சுப்புகை தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இழுவை வண்டியும் மோட்டார் வாகனமே. பதிவின்றிச் சாலையில் ஓட்டலாகாது. வரைபடத்தோடு தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே இரும்பு வாங்கவேண்டும். கட்டிவிட்டுக் கேட்பது வம்பு. காரின் கையேட்டில் இழுவைத் திறன் குறிப்பிடப்படவில்லையென்றால் அந்தக் காரில் பூட்டக் கூடாது. ஓடும் வண்டிக்குள் பேரப்பிள்ளைகளை உறங்கவைக்கும் ஆசையும் வேண்டாம். கூண்டு வண்டி நடந்தது, இது ஓடுகிறது.

எங்கே தங்குவது? மலையைக் கண்டால் மனம் அங்கேதான் போகும். மேகமலைக் காடுகள் 2021-இல் புலிகள் காப்பகமாயின; நினைத்த இடத்தில் அங்கே தங்க முடியாது. குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ மலையேறியோரில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனதை நம் மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் கம்பம் நகரத் தெருவுக்கே வந்துவிட்டது. அரிசிக்காகக் கடைகளை உடைத்துப் பழகிய யானை அது. அரிசிப்பை தூங்கும் வண்டியின் வாலிலேயே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் பாதையும் புதியவருக்கு ஏற்றதன்று. திரும்பி இறங்கும்போது, தனித் தடையில்லாத இழுவை வண்டி காரை முதுகில் பிடித்துத் தள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும். குமுளிக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் 2022-இல் கேரவன் பூங்கா ஒன்று தொடங்கப்பட்டது உண்மைதான். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

நம் ஆசிரியருக்கு வேளாங்கண்ணிச் சாலையே போதும். திண்டுக்கல், திருச்சி, தஞ்சை என்று சமவெளியிலேயே போய்விடலாம். நாம் கவலைப்படுவது வேறொன்றுக்காக. இவ்வண்டியில் கழிப்பறை கிடையாது. எழுபது வயதில் இரவில் இரண்டுமுறை எழவேண்டியிருக்கும். சாலையோரத்தில் அது பெண்களுக்கு எவ்வளவு இடர் என்பதை ஆண்கள் எளிதில் எண்ணிப்பார்ப்பதில்லை. வழியிலுள்ள பங்குகளுக்கு முன்கூட்டியே எழுதி, ஆலய வளாகத்தில் விளக்கும் கழிப்பறையும் அருகிலுள்ள இடமாகக் கேட்டுப் பெறலாம். ஓர் இரவுக்கு இடம் தருவதில் பெரும்பாலான பங்குத் தந்தையர்க்குத் தடையிராது. முழங்காலைப் பொறுத்தவரை, வாசற்படியில் அமர்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளும்படி தளத்தை நாற்காலி உயரத்தில் அமைத்தால் தரைப் படுக்கையைவிட நலமே. ஆனால் உள்ளே போனபின் புரண்டு திரும்ப இயலுமா என்பதை அம்மையார்தான் சொல்லவேண்டும்.

ஆகவே தச்சரை அழைக்குமுன் ஒன்று செய்யுமாறு எழுதினோம். திண்ணையில் ஆறரை அடிக்கு நான்கடி சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அந்த அளவுக்குக் கட்டில் பலகை அடுக்கி, சுற்றிலும் பாய் மறைத்து, நான்கடி உயரத்தில் ஒரு கயிறு கட்டி, ஓர் இரவு இருவரும் படுத்துப் பாருங்கள். செலவு ஒன்றுமில்லை.

இக்கட்டுரை அச்சுக்குப் போகும் தறுவாயில் அஞ்சலட்டை வந்தது. கோடு போட்டாயிற்று. அம்மையார் ஏறி இறங்கிவிட்டார். கயிற்றில் இரண்டுமுறை தலை தட்டியது ஆசிரியருக்குத்தான். கதவுப் பக்கம் தமக்கே வேண்டுமென்று அம்மையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பேரன் நடுவில் வந்து படுத்துக்கொண்டதால் விடியும்வரை யாரும் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த வாரம் தேனிக்குப் போய் அலுவலகத்தில் விசாரிக்கப் போவதாக எழுதியிருக்கிறார்.