ஈடும் எச்சமும்

ஸ்ரீ கெம்பாங்கானில் ‘மைன்ஸ்’ வணிக வளாகத்தை ஒட்டிக் கிடக்கும் ஏரி, முன்னர் ஹோங் ஃபாட் ஈயச் சுரங்கமாக இருந்த பள்ளமாகும். (ஈயம் என்றது ஈண்டு வெள்ளீயத்தையே, காரீயத்தை அன்று.) இத்தகைய சுரங்கங்களில் ஈயக்கல்லை அலசி எடுத்தபின் எஞ்சும் கனமணலை மலாயில் ‘அமாங்’ என்பர். அது கழிவன்று. இல்மனைட், சிர்க்கான், மோனசைட் முதலிய கனிமங்கள் அதில் விரவியுள்ளன. காந்தம் இல்மனைட்டை வலுவாகவும் மோனசைட்டை மெலிதாகவும் இழுக்கும், சிர்க்கானை இழுப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கொண்டே அவற்றைப் பிரிக்கின்றனர்.

ஒரே பொறியில் இன்று மோனசைட்டும் நாளை சிர்க்கானும் ஓடும்போதுதான் இடர் தொடங்குகிறது. ஒரு முறைக்கு இட்டு எடுக்கும் அளவைத் ‘தொகுதி’ என எழுதுவோர் உளர். தேர்தல் நினைவைத் தரும் அச்சொல் எதற்கு? ‘ஓர் ஈடு இட்லி’ என்னும் அடுக்களை வழக்கு நம்மிடம் உள்ளதே! முந்தைய ஈட்டின் எச்சம் அடுத்த ஈட்டில் கலத்தலை ‘ஈட்டெச்சம்’ எனலாம்.

அதன் அளவு சிறிது, விளைவு சிறிதன்று. 1,000 கிலோ சிர்க்கானில் 2 கிலோ மோனசைட் கலந்ததாகக் கொள்வோம். மோனசைட்டில் 5 விழுக்காடு தோரியம் இருப்பின், கதிரியக்கமுள்ள அத்தனிமம் 100 கிராம் அளவு புகுந்துவிடும். அதாவது பத்து இலட்சத்தில் 100 பங்கு. சிர்க்கானில் இயல்பாகவே உள்ள சிறிதளவு தோரியத்தின் மேல் இது கூடுதல். அந்தச் சிர்க்கானே பீங்கான் ஓடுகளின் மெருகுப்பூச்சுக்குச் செல்கிறது.

எச்சம் தங்குமிடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: கொட்டுவாயின் மூலை, பட்டையின் அடிப்புறம், சல்லடைக் கண்ணில் சிக்கிய மணி, தூசு பிடிக்கும் துணிப்பை. காற்றை ஊதித் துடைத்தல் தவறு. தூசு இடம் மாறுமேயன்றி நீங்காது, தொழிலாளியின் மூச்சிலும் ஏறும். உறிஞ்சி எடுத்தலே முறை. நீர்விட்டுக் கழுவினால் ஈரம் முற்றும் உலரவேண்டும். இன்றேல் மணிகள் ஒட்டிக்கொள்ளும். பின்னர், அடுத்து வரவிருக்கும் கனிமத்திலேயே சிறிதளவை ஓடவிட்டு, அதனைத் தரம் குறைந்த சரக்கோடு சேர்த்துவிடுவர். தூயதை முதலிலும் தூய்மை குறைந்ததைப் பின்னரும் ஓட்டுவது, இத்துடைப்பு வேலையிற் பாதியைக் குறைக்கும். மோனசைட்டுக்கெனத் தனிப்பொறி வைத்தல் இன்னும் நன்று. செலவு கருதியே பலர் தயங்குவர்.

இத்தனையும் செய்துவிட்டுச் சாக்கில் கோட்டை விடுதலும் உண்டு. பழஞ்சாக்கில் புதுச்சரக்கை நிரப்பி, பழைய ஈட்டெண்ணையும் அழிக்காது விட்டால், கலப்பு வெளிப்படும் நாளில் எந்த ஈட்டைத் திரும்பப் பெறுவது என்பதே தெரியாமற் போகும்.