அழுத்திய விசை யாது?

இணையப் பக்கமொன்றைத் திறந்து வைத்திருப்பவர் விசைப்பலகையில் எவ்விசையை அழுத்தினார் என்பதை அப்பக்கம் எங்ஙனம் அறிகின்றது? விசை தன்மேற் பொறித்த எழுத்தைத் தானே சொல்லுகின்றது எனப் பலர் எண்ணுவர். அஃது அன்று. விசை, தானிருக்கும் இடத்திற்குரிய எண்ணை மாத்திரமே கணினிக்கு அனுப்பும். அவ்விடத்திற்கு எவ்வெழுத்து உரியதென்பதை இயங்குதளம் தீர்மானிக்கும். பின்னர், விசை தாழ்ந்தது என்றும் எழுந்தது என்றும் உலாவி பக்கத்திற்கு அறிவிக்கும். விரலை எடாதிருப்பின் முதற் செய்தி மீண்டும் மீண்டும் வரும்.

இச்செய்தியில் ‘கீ’ என்பது எழுத்தையும், ‘கோட்’ என்பது இடத்தையும் குறிக்கும். ஆங்கிலப் பலகையில் ‘கியூ’ இருக்குமிடத்திற் பிரெஞ்சுப் பலகையில் ‘ஏ’ உளது. அதனை அழுத்தினால், எழுத்து ‘ஏ’ எனவும் இடம் ‘கியூ’வின் இடமெனவும் வரும். விளையாட்டுக்கு விரலிருக்கும் இடமே வேண்டும். குறுக்குவழிக் கட்டளைக்கோ எழுத்தே வேண்டும். ‘கீகோட்’ என்னும் பழைய எண் முறை, இவ்விரண்டையும் தெளிவுறப் பிரியாமையின் இன்று விலக்கப்பட்டுளது. ஆயினும் ‘என்டர்’ விசைக்கு 13 என்று எழுதிய நிரல்கள் இன்னும் எத்தனையோ உள.

தமிழுக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 அமைப்பில், ‘எச்’ விசை ககரத்தையும் ‘டி’ விசை உகரத்தையும் தரும். இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தக் ‘கு’ பிறக்கும். இனி, ‘கு’வைத் தந்த விசை யாது என வினவினால் விடையில்லை! விசை இரண்டு, எழுத்து ஒன்று. ஒரு விசைக்கு ஓரெழுத்தென்று கொண்டு நிரலெழுதுவோர் உயிர்மெய்யை நினையாதவரே.

சப்பானியருக்கு இடர் இன்னும் பெரிது. அவர்கள் ஒலியைத் தட்டியபின், திரை காட்டும் சொற்களுள் ஒன்றைத் தெரிந்து ‘என்டர்’ விசையால் உறுதி செய்வர். ‘என்டர்’ கண்டவுடன் மடலை அனுப்பும் பக்கமாயின், பாதி எழுதிய மடல் பறந்துவிடும். இதனைத் தடுத்தற்பொருட்டு, எழுத்து இன்னும் உருவாகிக் கொண்டிருக்கின்றது என்னும் குறிப்பொன்றையும் உலாவி உடன் தருகின்றது. பழைய எண் முறையில் அப்போது வருவது 229. கைப்பேசிகள் பலவற்றிலும் எழுத்து விசைகளுக்கு இவ்வெண்ணே வருதலின், எதனை அழுத்தினார் என்பது அங்குப் புலப்படாது.

ஆதலின் எழுதிய சொல்லை அறிய வேண்டுவோர் விசையைத் துருவுதல் வேண்டா. எழுதும் பெட்டியின் உள்ளடக்கம் மாறுந்தோறும் ‘இன்புட்’ என்னுஞ் செய்தி எழும். அப்பொழுது பெட்டியிலுள்ளதைப் படித்துக்கொள்ளலாம்.