குழந்தை இருக்கை (மகிழுந்து)

குழந்தை இருக்கை என்பது மோதலின்போது குழந்தை முன்னே வீசப்படாமல் தடுக்க மகிழுந்தில் பொருத்தப்படும் தனி இருக்கையாகும். இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவரை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆயினும் சாந்தோம் போன்ற நகரப் பகுதிகளிலும் மடியில் வைத்துச் செல்லும் வழக்கம் உள்ளது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தை சுமார் 300 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் முன்னே பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது.

இருக்கையைப் பின்வரிசையில் வைத்து, ஐசோஃபிக்ஸ் கொக்கியாலோ வாகனத்தின் பட்டையாலோ இறுக்க வேண்டும். பிணைத்த இடத்தில் பிடித்து அசைத்தால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து வலுவற்றது. ஆகவே அது பின்னோக்கியே அமர வேண்டும். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் இவ்வகையை ஒருபோதும் வைக்கலாகாது. தோளருகே வாரைக் கிள்ளிப் பார்க்கும்போது மடிப்பு விரலில் சிக்கினால், வார் இன்னும் தளர்வாக உள்ளது.