எஜமானர்கள் போதும்... தீவையே விலைக்கு வாங்கிய 60 சொச்சம் பேர்!

வாஷிங் மெஷின் ஓடும்போது கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். கூடவே ஓவனையும் ஹீட்டரையும் போட்டால்? பட்டென்று வீடு முழுக்க கரன்ட் போய்விடும். பராமரிப்புக் குழுவுக்குச் சொல்லி, அவர்கள் வந்து சரிசெய்யும் வரை இருட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் எக் தீவில் இதுதான் நடைமுறை. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட். கடை, தங்கும் விடுதி போன்றவற்றுக்கு 10 கிலோவாட். அதிகப் பணம் தருகிறேன் என்றாலும் கிடைக்காது. இத்தனைக்கும் இந்தக் கட்டுப்பாட்டை மேலேயிருந்து யாரும் திணிக்கவில்லை. தீவில் இருப்பவர்களே கூடிப் பேசி, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது!

இதைப் புரிந்துகொள்ள, அந்தத் தீவு யார் யார் கையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

எக்... முட்டைக்கான ஆங்கிலச் சொல் போலவேதான் உச்சரிக்க வேண்டும். சுமார் 31 சதுர கிலோமீட்டர் பரப்பு. 393 மீட்டர் உயரத்தில் கறுத்த மதில்போல நிற்கும் ஆன் ஸ்கூர் பாறைதான் தீவின் அடையாளம். பல தலைமுறைகளாக இந்தத் தீவு முழுவதும் யாரோ ஒரு தனிமனிதரின் சொத்து. அங்கே பிறந்து, வளர்ந்து, ஆடு மேய்த்து, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் எல்லோரும் வெறும் குடியிருப்பவர்கள். 1853-ல் க்ரூலின் என்ற ஊரையே காலிசெய்து, அந்த நிலத்தை ஆட்டுப் பண்ணைக்கு விட்டார்கள். இடிந்த கல்வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

1975-ல் கீத் ஷெலன்பர்க் என்ற தொழிலதிபர் தீவை வாங்கினார். ஆரம்பத்தில் சுமுகமாகத்தான் போனது. போகப் போக அவருக்கும் மக்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய பிரச்னை, குத்தகைப் பத்திரம். கையில் நீண்டகாலப் பத்திரம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது, அரசு மானியமும் வராது. ஓட்டை ஒழுகினாலும் சொந்தக் காசைப் போட்டுச் சரிசெய்ய மனசு வருமா? நாளைக்கே காலிசெய்யச் சொன்னால் போட்ட காசு போச்சு! வீடுகள் பாழாகிக்கொண்டே வந்தன. 1994-ல் ஷெலன்பர்க்கின் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் கொட்டகையோடு எரிந்து சாம்பலானது. தீ வைத்தது யார் என்று கண்டுபிடிக்கப்படவேயில்லை.

மறு வருடம் அவர் தீவை மருமா என்ற ஜெர்மன் ஓவியருக்கு விற்றார். அந்த ஓவியர் தீவில் தங்கியது சில நாள்கள்தான். அடுத்த ஆண்டே தீவு மறுபடியும் விற்பனைக்கு வந்தது. 'இன்னொரு எஜமானரா?' என்று சோர்ந்துபோகாமல், இந்த முறை தாங்களே வாங்குவது என்று மக்கள் இறங்கினார்கள்.

அப்போது தீவில் இருந்தது 60 சொச்சம் பேர். தேவைப்பட்டதோ 15 லட்சம் பவுண்டு!

நாடு முழுக்க நன்கொடை கேட்டார்கள். சுமார் 10,000 பேர் கொடுத்தார்கள். பெயரை வெளியிட விரும்பாத ஒரு பெண்மணி மட்டும் மிகப்பெரிய தொகையைத் தந்தார். அவர் யார் என்பது இன்றும் ஊருக்குத் தெரியாது. 1997 ஜூன் 12 அன்று தீவு கைமாறியது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை ஒட்டி விடிய விடிய ஆட்டம் பாட்டம்தான். அரசியலிலும் இதன் தாக்கம் தெரிந்தது. எக் தீவுக்குச் சில வருடங்கள் முன்பு அசின்ட் பகுதி விவசாயிகளும் இப்படித் தங்கள் நிலத்தை வாங்கியிருந்தார்கள். 2003-ல் ஸ்காட்லாந்து கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், விற்பனைக்கு வரும் நிலத்தை வாங்க உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை கொடுத்தது.

இப்போது தீவின் சொந்தக்காரர், 'எக் தீவு பாரம்பரிய அறக்கட்டளை'. தீவு மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளோடு, ஹைலேண்ட் கவுன்சிலும் ஸ்காட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளையும் நிர்வாகத்தில் இருக்கின்றன. பெரிய முடிவு என்றால் ஊர்க் கூட்டத்தில் பேசியாக வேண்டும்.

வாங்கிய கையோடு என்ன செய்தார்கள் தெரியுமா? பிரமாண்டமாக ஒன்றுமில்லை. படகுத்துறை பக்கத்தில் ஒரு கட்டடம்: மளிகைக்கடை, டீக்கடை, கைவினைப் பொருள் கடை, கழிப்பறை. 1998-ல் அது திறந்தது. கடைகளின் வாடகை அறக்கட்டளைக்கு வருமானம். கூடவே குடியிருப்பவர்களுக்கு நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் வீடுகளில் சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அறக்கட்டளைக்குச் சொந்தமான வீடுகளைப் பழுதுபார்க்க ஒரு கட்டுமான நிறுவனத்தையும் தொடங்கினார்கள். வேலையும் கூலியும் உள்ளூரிலேயே தங்கின.

கரன்ட் கதைக்கு வருவோம். பெருநிலத்தின் மின்கம்பி தீவுக்கு வரவில்லை. கடலடியில் கேபிள் இழுப்பது கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்... ராத்திரி தூங்கப்போகும்போது எழுந்துபோய் அதை அணைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்வதே பெரிய விஷயம்.

2008 பிப்ரவரி 1-ம் தேதி, 'எக் எலெக்ட்ரிக்' இயங்கத் தொடங்கியது. ஓடைத் தண்ணீரில் சுற்றும் மூன்று நீர்மின் இயந்திரங்கள் (பெரியது மட்டும் 100 கிலோவாட்), நான்கு சிறிய காற்றாலைகள், சோலார் தகடுகள். மூன்றிலிருந்தும் வரும் மின்சாரம் பேட்டரிகளில் சேர்கிறது. மண்ணுக்கடியில் போட்ட சுமார் 11 கிலோமீட்டர் கேபிள் வழியே வீடுகளுக்குப் போகிறது. குளிர்காலத்தில் மழையும் காற்றும் கைகொடுக்கும், கோடையில் வெயில். ஒன்று காலை வாரினால் இன்னொன்று. மூன்றும் சோம்பினால் டீசல். வருடக் கணக்கில் பார்த்தால் தேவையில் சுமார் 90 சதவிகிதத்துக்கு மேல் இயற்கையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. செலவு சுமார் 16 லட்சம் பவுண்டு. தீவை வாங்கிய விலையைவிட அதிகம்! ஐரோப்பிய வளர்ச்சி நிதி, லாட்டரி நிதி என்று பல இடங்களில் கேட்டு வாங்கினார்கள். பராமரிப்பது பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே.

5 கிலோவாட் வரம்பு இங்கேதான் வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இஷ்டத்துக்கு இழுத்தால் இவ்வளவு சிறிய அமைப்பு தாங்காது. பெரிதாகக் கட்டப் பணமில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு என்று வைத்ததால் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பொருமவும் வழியில்லை. உற்பத்தி குறைந்தால், சிக்கனமாக இருங்கள் என்று தகவல் வரும். மிஞ்சினால் பொது மண்டபம் போன்ற இடங்களைச் சூடாக்க அது பயன்படும். 2010-ல் இங்கிலாந்தின் 'பிக் கிரீன் சேலஞ்ச்' போட்டியில் 3 லட்சம் பவுண்டு பரிசு வென்றது எக்.

இன்று மக்கள்தொகை 100-ஐத் தாண்டிவிட்டது. வெளியே படிக்கப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். கரன்டில் வீட்டைச் சூடாக்க 5 கிலோவாட் போதாது என்பதால் குளிருக்கு இன்னமும் விறகை நம்ப வேண்டியிருக்கிறது. வர ஆசைப்படுபவர்கள் இருந்தாலும் வீடுகள் போதவில்லை. எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டுப் பேச வேண்டும். அறக்கட்டளை, கட்டடம், கரன்ட் என எல்லா வேலைகளையும் 100 சொச்சம் பேரே பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆட்கள் குறைவு, பொறுப்புகள் அதிகம்.

தீவில் தொடக்கப் பள்ளி மட்டும்தான். 12 வயது ஆகும்போது பிள்ளைகள் பெருநிலத்தில் உள்ள மல்லைக் ஊரின் பள்ளிக்குப் போய், வாரம் முழுக்க விடுதியில் தங்குகிறார்கள். வார இறுதியில் வீடு திரும்ப ஒன்றே கால் மணி நேரக் கப்பல் பயணம். கடல் கொந்தளித்தால் அந்தக் கப்பலும் வராது.