பழைய வண்டி, பழகிய கை – 7: சிக்னலில் நடுங்கும் எஞ்சின்

சிவப்பு விளக்கு விழுந்ததும் அந்த வெள்ளை மாருதி 800க்கு நடுக்கம் வந்துவிடும். ஸ்டியரிங் அதிரும். கியர் ராடு தானாக ஆடும். பின்னால் நிற்கும் பஸ் கண்ணாடியில் இரண்டாகத் தெரியும். ஓட்டுபவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கோவைக்காரர். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பச்சை விழும்வரை ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார். காலை எடுத்தால் வண்டி ஆஃப் ஆகிவிடும். ரோட்டில் ஓடும்போது எந்தக் குறையும் இல்லை; நின்றால்தான் இந்தப் பாடு.

1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. இரண்டு ஒர்க்‌ஷாப் பார்த்தாகிவிட்டது. இரண்டிலும் முதல் வேலையாகக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டாவது இடத்தில் ஐடிலிங் ஸ்க்ரூவையும் திருகி வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு நடுக்கம் திரும்பியது, மைலேஜும் இறங்கியது. ஸ்க்ரூவைத் திருகுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரிதான். உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும்.

மூன்றாவதாக வண்டி வந்து நின்றது காந்திபுரத்தை அடுத்த ஒரு சந்தில், அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். கிழித்த காலண்டர் தாள் ஒன்றை சைலன்சர் வாய்க்கு நேரே பிடித்தார். தாள் வெளிப்பக்கமாகவே படபடத்தது, சீரில்லாமல். புகை வரும் வாய் நடுநடுவே தாளை உள்ளே இழுத்தால், எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே அப்படி இழுக்கவில்லை. ஹெட்டைக் கழற்றும் செலவு இல்லை என்று அந்தத் தாளே பாதி சொல்லிவிட்டது.

இந்த எஞ்சினின் கணக்கு எளிது. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்தால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. மூன்றும் சேர்ந்து நொடிக்கு 22க்கும் மேற்பட்ட எரிப்பு. அதில் ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று. நான்கு சிலிண்டர் அம்பாசிடரில் ஒன்று மிஸ் ஆனால் வண்டி முணுமுணுக்கும். 800இல் ஒன்று மிஸ் ஆனால் கதவே ஆடும்.

அதனால் அடுத்த கேள்வி: கோளாறு ஒரு சிலிண்டரிலா, மூன்றிலுமா? இதற்கு மிஷின் எதுவும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போதே, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எஞ்சின் உடலில் தொடவிட்டு, உடனே மாட்ட வேண்டும். வெறும் கையால் தொட்டால் ஷாக் தூக்கி அடிக்கும். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் இன்னும் தளரும். ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் இருக்காது. ஆள் அகப்பட்டுவிட்டான். ஆனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இந்தச் சோதனை கூடாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைப் பாழாக்கும். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களில் அது கட்டாயம். ஆசிரியரின் வண்டியில் அது இல்லை.

மூன்று வயரையும் எடுத்துப் பார்த்தார். மூன்றுக்கும் ஒரே மாதிரி தளர்ந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் தளராமல் இருந்திருந்தால் வழி வேறு: அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகராவிட்டால் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கடைசியில் கம்ப்ரஷன். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் இருட்டில் பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. கரண்ட் கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். நன்றாக எரியும் எஞ்சினில் பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரம் இருந்தால் ஆயில் ஏறுகிறது. இங்கே மூன்றும் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடந்தன. பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம்.

“ஏனுங்க சார், கார்புரேட்டரை ரெண்டு தடவை கழுவியாச்சுன்னீங்க?”

“ஆமாங்க தம்பி.”

“அப்ப அதுல கை வைக்க வேண்டாமுங்க. வேற எங்கியோ காத்து எடுக்குது.”

ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். மூடிய கதவை மூன்று பிஸ்டன்களும் உறிஞ்சுகின்றன. அதனால் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் வேக்குவம் கேஜில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். இந்த நிலையில் எங்காவது சிறு வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று கார்புரேட்டரின் கணக்கில் வராமல் உள்ளே பாய்ந்துவிடும். ஐடிலிங்கில் எஞ்சினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும்பங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் தகடு திறந்து காற்று குபுகுபுவென்று நுழையும்போது அதே வெடிப்பு ஒரு பொருட்டே இல்லை. ஓடும்போது ஒழுங்கும் நின்றால் நடுக்கமும் என்றால், பெரும்பாலும் இந்த வகைதான். ஐடிலிங் ஜெட்டின் அடைப்பும் இப்படியே காட்டும் என்றாலும், இரண்டு முறை கழுவிய பிறகு அதன் மேல் சந்தேகம் குறைகிறது.

கேஜ் பார்க்கும்போது ஊரையும் பார்க்க வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் 19 காட்டும் எஞ்சின் அங்கே 12 காட்டினால் பதறத் தேவையில்லை.

மெக்கானிக் அரை மீட்டர் ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கார்புரேட்டரின் அடிப்பக்க கேஸ்கட், மேனிஃபோல்டு சேரும் இடம், ஒவ்வொரு ஹோஸ் என்று நகர்த்தினார். பெட்ரோல் ஊற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. சூடான எஞ்சின் மேல் அது தீயோடு விளையாடுவதுதான். இவர் தண்ணீர் தெளித்தார். மேனிஃபோல்டில் இருந்து கிளம்பும் ஒரு மெல்லிய ஹோஸ் வளையும் இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் சத்தம் ஒரு நொடி மாறியது. மேலே பார்த்தால் ஹோஸில் குறையே இல்லை. விரலை அடியில் விட்டுத் தடவினார். வளைவின் அடிவயிற்றில் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

நான்கு விரல் நீளத்துக்குப் புது ஹோஸ். ஐடிலிங் ஸ்க்ரூ பழைய இடத்துக்கு இறங்கியது. மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருகி, வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தினார். பெட்ரோல் போகும் மற்ற ரப்பர்களையும் பார்த்துவைக்கச் சொன்னார். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை இன்னும் கொஞ்சம் மெலியும். சென்சார் உள்ள வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தத் திறமை கிடையாது. பழைய ரப்பரும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஆசிரியர் மறுபடி வந்தார். சிக்னலில் காலை எடுத்துவிட்டு நிம்மதியாக நிற்க முடிகிறது என்றார். மெக்கானிக் பிளக்குகளைத் திரும்பக் கழற்றிப் பார்த்தார். இரண்டு பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் மட்டும் ஓரத்தில் நூலிழை அளவுக்கு எண்ணெய் ஈரம். அதைத் துணியில் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வால்வு சீலாக இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கினார்.

(தொடரும்)