வெள்ளைப் புள்ளி எல்லாம் புற்று அல்ல

மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'கால்சியம் படிவு' என்று பார்த்ததுமே பலருக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1913இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், வெட்டி அகற்றப்பட்ட மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது புற்றுக்குள் நுண்ணிய புள்ளிகளைக் கண்டார். பிற்பாடு உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன், புற்றைக் காட்டிக்கொடுக்க இந்தப் புள்ளிகள் உதவும் என்று எடுத்துரைத்தார்.

ஆனால் மார்பகத்தில் படியும் கால்சியத்தில் பெரும்பகுதி தீங்கற்றது. அதைப் பிரித்தறிய உதவுவது வடிவம். கால்சியம் எங்கே படிகிறதோ அந்த இடத்தின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தால் இரண்டு இணைகோடுகள். செத்த கொழுப்பைச் சுற்றிப் படிந்தால் மெல்லிய ஓடு. வயதாகிச் சுருங்கும் ஃபைப்ரோஅடினோமா கட்டிக்குள் படிந்தால் பருத்த, கரடுமுரடான திட்டுகள்.

இவற்றில் வியப்பூட்டுவது, நுண்ணிய நீர்க்கட்டிகளுக்குள் எதிலும் ஒட்டாமல் கிடக்கும் கால்சியத் துகள்கள். மேலிருந்து கீழாக எடுத்த படத்தில் அவை மங்கலான வட்டங்களாகத் தெரிந்து சந்தேகத்தைக் கிளப்பும். அதே பெண்ணை நிற்கவைத்து நேர் பக்கவாட்டில் எடுத்தால், புவியீர்ப்பால் துகள்கள் அடியில் தங்கியிருப்பது தெரியும்: மேல்விளிம்பு நேராக, அடிப்பக்கம் வளைவாக, தேநீர்க் கோப்பை போல. திசுவோடு இறுகிய படிவு இப்படி அடியில் தங்காது. ஊசி குத்தாமல், கோணத்தை மாற்றியே விடை கிடைத்துவிடுகிறது.

பால்நாளத்துக்குள் வளரும் புற்றிலோ, செத்த செல்களின் மீது படியும் கால்சியம் நாளத்தின் வழியே நூலிழையாக, கிளைவிட்டு, ஒழுங்கில்லாமல் ஓடும். அத்தகைய புள்ளிகளுக்குத் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி அவசியம். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த 'பைராட்ஸ்' முறையில் ரிப்போர்ட்டில் உள்ள எண் 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் சில மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயாப்ஸி.

உணவிலோ மாத்திரையிலோ சேரும் கால்சியத்தால் இந்தப் புள்ளிகள் வருவதில்லை. எலும்புக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். மேமோகிராமுக்குப் போகும் நாளில் மார்பிலும் அக்குளிலும் பவுடர் போடாதீர்கள். அதன் துகள்களும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியக்கூடும். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு புள்ளி பல ஆண்டுகளாக மாறாமல் இருப்பதை மருத்துவர் கண்டால், ஒரு பயாப்ஸியே தேவைப்படாமல் போகலாம்.