சாம், மாம், குள்ளத்தன்மை: அங்கன்வாடி அளவுகள் எப்படி இயங்குகின்றன?

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாள். இரண்டு வயது நிறைந்த இரண்டு ஆண் குழந்தைகள். இருவருக்கும் தராசு 9.3 கிலோ காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அந்த வயது ஆண் குழந்தைக்கு நடுவான எடை 12.2 கிலோ. 9.7-க்குக் கீழே போனால் எடைக் குறைவு, 8.6-க்குக் கீழே போனால் கடுமையான எடைக் குறைவு. ஆகவே பதிவேட்டில் இருவர் பெயருக்கு எதிரிலும் ஒரே குறிப்புதான் விழும்: 'எம்.யூ.டபிள்யூ.', அதாவது மிதமான எடைக் குறைவு.

உயரத்தையும் பார்த்தால் கதை மாறுகிறது. ஒருவன் 79 செ.மீ., மற்றவன் 87 செ.மீ. உயரமானவனைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டையானவனுக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் அவன் குறை வெகு நாளாகச் சேர்ந்தது.

"என்னங்க டீச்சர், நல்லாத்தானே ஓடியாடிக்கிட்டு இருக்கான்? இதுல சாம்னு எழுதியிருக்கீங்களே, அப்படின்னா என்ன?" என்று கேட்கும் தாய்க்கு முழுப் பதில் கிடைக்க வேண்டும். சொந்தப் பிள்ளையைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புரிந்துகொள்ள ஒரு சமையலறை போதும்.

குழந்தையின் உடம்பை ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்வோம். சுவரும் மேடையும் அலமாரியும் கட்டடம். அதுதான் எலும்பு, உயரம். டப்பாக்களில் இருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சதையும் கொழுப்பும். அடுப்பு என்பது சாப்பிட்டதைச் செரித்து உடம்பை நடத்தும் வேலை.

வயதுக்கேற்ற எடை பார்ப்பது, இந்தச் சமையலறையை அப்படியே தூக்கித் தராசில் வைப்பது மாதிரி. எடை குறைவு என்று தெரியும். கட்டடம் சின்னதா, டப்பா காலியா என்று தெரியாது. மெக்சிகோவின் குழந்தை மருத்துவர் ஃபெடரிகோ கோமஸ் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு இந்த ஒரே எடையை வைத்துத்தான் குழந்தைகளை மூன்று படிகளாகப் பிரித்தது. நெடுங்காலம் உலகம் அதையே பின்பற்றியது. கட்டடத்தையும் சாமானையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் வலியுறுத்தியவர் ஜான் வாட்டர்லோ. இன்று அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளப்பது அந்த வழியில் வந்ததுதான்.

வயதுக்கேற்ற உயரம் குறைந்தால் அது குள்ளத்தன்மை. கட்டடம் எழும்பும் காலத்தில் செங்கல்லும் சிமெண்டும் போதவில்லை என்று பொருள். கரு உண்டானதிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாள்தான் முக்கியமான கட்டுமானக் காலம். பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் பிள்ளை முதல் ஆண்டிலேயே இன்னும் 25 செ.மீ. வளர்கிறது, அந்த வேகம் பிறகு எந்த வயதிலும் திரும்பாது. அப்போது தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஆறு மாதம் கடந்தும் வெறும் கஞ்சித் தண்ணீர் என்று போனால் மேடை குறுகலாகவே எழும்பிவிடும். பின்னால் எவ்வளவு மளிகை வாங்கினாலும் சுவரை நகர்த்துவது கடினம். நம் 79 செ.மீ. பையன் இந்த வகை. அவன் வயதுக்கு நின்ற நிலையில் 81 செ.மீ.க்குக் கீழே என்றால் குள்ளத்தன்மை. ஆனால் அவன் உயரத்துக்கு 9.3 கிலோ போதுமானது. சின்னச் சமையலறை, ஓரளவு நிறைந்த டப்பா.

"எங்க குடும்பமே குட்டைதாங்க" என்று பாட்டிமார் சொல்வார்கள். பெற்றோர் உயரத்துக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் இந்த அளவுகோல் உருவான விதத்தையும் பார்க்க வேண்டும். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, 2006-இல் உலக சுகாதார நிறுவனம் இதை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து சேர்ந்தவை தெற்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால், நல்ல உணவு, சுகாதாரமான வீடு, புகைபிடிக்காத தாய் என்று எல்லாம் அமைந்தபோது, ஆறு நாட்டுக் குழந்தைகளின் சராசரி உயரமும் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தது. அதனால் சின்ன வயதுக் குள்ளத்தன்மைக்கு வம்சத்தை முதல் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

உயரத்துக்கேற்ற எடை குறைந்தால் அது மெலிவுத்தன்மை. கட்டடம் சரியாக இருக்கிறது, டப்பாக்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. சில வாரப் பட்டினி, ஒரு தட்டம்மை, விடாத வயிற்றுப்போக்கு போதும். 87 செ.மீ. ஆண் குழந்தைக்கு நடு எடை 12.2 கிலோ, 10.4-க்குக் கீழே மிதமான மெலிவு, 9.6-க்குக் கீழே கடுமையான மெலிவு. நம் உயரமான பையன் 9.3. அவன்தான் 'சாம்', அதாவது கடுமையான தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. மிதமானது 'மாம்'. டப்பா காலியான வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் தாங்க எதுவும் மிச்சமில்லை. உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இந்த அவசரம்.

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் பேர் குள்ளத்தன்மையிலும், 14.6 சதவீதம் பேர் மெலிவிலும், 22 சதவீதம் பேர் எடைக் குறைவிலும் இருந்தார்கள். இவற்றைக் கூட்டக் கூடாது. ஒரே குழந்தை இரண்டிலோ மூன்றிலோ இருக்கலாம்.

கணினியில் 'மைனஸ் டூ', 'மைனஸ் த்ரீ' என்று வருவது இசட் ஸ்கோர். இதே அளவுச் சமையலறைகளில் வழக்கமாக எவ்வளவு சாமான் இருக்கும் என்று பார்த்து, நடுவில் இருப்பதைச் சுழியம் என்று வைத்து, கீழே எத்தனை படி என்று எண்ணுவது. நன்றாக வளரும் நூறு குழந்தைகளிலும் இரண்டு மூன்று பேர் மைனஸ் டூவுக்குக் கீழே இருப்பார்கள். எனவே அந்தக் கோட்டைத் தொட்டதும் பதற வேண்டாம், கவனித்தால் போதும். மைனஸ் த்ரீ வேறு. அங்கே ஆயிரத்தில் ஒருவர்தான் இயல்பாக இருப்பார்.

தராசும் உயரமானியும் இல்லாத இடத்தில் ஒரு நாடா உதவும். இடது கையின் தோள் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளப்பார்கள். எல்லா டப்பாவையும் திறக்காமல் அரிசி டப்பாவை மட்டும் எட்டிப் பார்ப்பது போன்றது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை கையின் சுற்றளவு பெரிதாக மாறாது என்பதால் எல்லோருக்கும் ஒரே கோடு: 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை.

தராசு ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. பிள்ளையின் இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா? டப்பாவில் அரிசிக்குப் பதில் தண்ணீர் நிற்கிறது. எடை சரியாகத் தெரியலாம், கன்னம் உப்பி அழகாகக்கூடத் தெரியலாம். இரு பாதத்திலும் வீக்கம் என்றால் எடை எதுவானாலும் அது சாம்.

சாம் பிள்ளைக்கு உடனே வயிறு முட்ட ஊட்டலாமா? கூடாது. டப்பா காலியாகும்போது உடம்பு அடுப்பைச் சிம்மில் வைத்துவிடுகிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் மெதுவாகவே வேலை செய்யும். அந்தச் சின்னத் தீயில் பெரிய அண்டாவை ஏற்றினால் அடுப்பு அணைந்துவிடும். ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் முதலில் தருவது எஃப்-75 என்ற பால்: 100 மில்லியில் 75 கலோரி, சிறுகச் சிறுக, இரவிலும். பசி திரும்பிய பிறகே எஃப்-100. முதலில் பசிச் சோதனை செய்வதும் இதற்காகத்தான். ஆர்வமாகச் சாப்பிடுகிற, வேறு நோய் இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்தே தேற்றலாம். மற்றவர்களைச் சேர்க்க வேண்டும்.

அளப்பதில் நடக்கும் சின்னப் பிசகும் வகையை மாற்றிவிடும். கொலுசு, கனத்த சட்டை, நனைந்த ஜட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உச்சிக் குடுமியை அவிழ்க்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளப்பார்கள். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நேராக்குவார். படுத்த அளவு நின்ற அளவைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூட வரும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது அட்டையில் மாதாமாதம் ஏறும் கோட்டைத்தான். 1980-இல் தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாமல் நின்றவர்களைத் தேர்ந்தெடுத்துத் துணை உணவு தந்தார்கள். வழக்கமாக 90 நாள் தந்து, எடை தேறியதும் நிறுத்தினார்கள். டப்பா காலியான பிறகு ஓடாமல், அளவு இறங்கும்போதே கடைக்குப் போகும் முறை அது.

தாய் சேய் நல அட்டையில் கோடு மேலே ஏறினால் சரி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, பிள்ளை இன்னும் பச்சைப் பட்டைக்குள் இருந்தாலும், அன்றைக்கே டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ காரணம் கேளுங்கள். வயிற்றுப்போக்கு, காது சீழ், விட்டுவிட்டு வரும் இருமல், தாய் வேலைக்குப் போனதால் குறைந்த பால் என்று ஏதோ ஒன்று பெரும்பாலும் அந்த மாதத்துக்குள்ளேயே இருக்கும்.